எந்த முகத்தோடு ஜெபிப்பது? வெட்கத்திலிருந்து வெளியே வர, விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து வெளியே போய்விடுகிறவர் எந்தச் சபையிலும் ஒருவராவது இருப்பார். ஏதோ அவசர வேலை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு எந்த அவசரமும் இருந்ததில்லை. யாரும் என் முகத்தைப் பார்த்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கதை பெரிதல்ல. வாலிபர் குழுவின் பணமும் கணக்கு நோட்டும் என் பொறுப்பில் இருந்த நாட்களில், அதிலிருந்து எடுத்து என் சொந்தக் கடன் ஒன்றை அடைத்தேன். இரண்டு மாதத்தில் முழுவதையும் திரும்ப வைத்துவிட்டேன். கணக்கில் ஒரு காசு குறையவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு முறை இல்லை, நூறு முறை இருக்கும். ஆனாலும் காணிக்கைப் பை என் வரிசைக்கு வரும்போதெல்லாம் காதுமடல் சூடாகிவிடும். எடுத்த பணம் போன இடத்துக்கே திரும்பிவிட்டது, ஏதோ ஒன்று மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அதற்குப் பெயர் வெட்கம் என்று கண்டுபிடிக்கவே எனக்கு வெகு நாளாயிற்று.

நீங்கள் அண்மையில்தான் விசுவாசத்துக்கு வந்திருக்கிறீர்கள், அல்லது நீண்ட இடைவெளிக்குப் பின் சபைக்குத் திரும்பியிருக்கிறீர்கள், ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் பழைய ஒரு காட்சி குறுக்கே வந்து நிற்கிறது என்றால், கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதில்லை.

வினைச்சொல்லா, பெயர்ச்சொல்லா?

குற்ற உணர்வையும் வெட்கத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் தொடக்கம். இரண்டும் ஒன்றாகவே வருவதால் ஒன்றுபோலத் தோன்றும். எனக்குக் கைகொடுத்தது பள்ளியில் படித்த இலக்கணம். குற்ற உணர்வு வினைச்சொல்லில் பேசும்: திருடினேன், பொய் சொன்னேன், கைவிட்டேன். வெட்கம் பெயர்ச்சொல்லில் பேசும்: திருடன், பொய்யன், உதவாக்கரை. வினைச்சொல் காலம் காட்டும் என்று படித்திருக்கிறோம். "திருடினேன்" என்பது இறந்தகாலம், அதற்கு ஒரு முடிவு உண்டு. பெயர்ச்சொல் காலம் காட்டாது. அதனால்தான் இருபது வருடத்துக்கு முந்தைய சம்பவம்கூட இன்று காலையில் நடந்ததுபோல முகத்தைச் சுடுகிறது.

அப்போஸ்தலன் பவுலும் இரண்டு வகைத் துக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 7:10). தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலுக்குக் கொண்டுபோகும்; லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்கும். உங்கள் துக்கம் உங்களை எந்தப் பக்கம் நடத்துகிறது என்று கவனியுங்கள். யாரிடமாவது போய்ப் பேசத் தூண்டினால் அது முதல் வகை. கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னால் இரண்டாவது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லா வெட்கமும் விரட்ட வேண்டியதல்ல. வள்ளுவர் நாணுடைமைக்கென்றே 102-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். தகாததைச் செய்யக் கூசுகிற மனம் வேலி போன்றது. செய்வதற்கு முன்பு தடுக்கிற அந்தக் கூச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு வந்து குடியேறி, வெளியேற மறுக்கிறதே, இங்கே பேசுவது அதைப் பற்றித்தான்.

ஒரு தாளும் மூன்று பத்தியும்

தாள் ஒன்றை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். "நான் செய்தது" என்று ஒன்று, "எனக்குச் செய்யப்பட்டது" என்று ஒன்று, "இரண்டும் அல்லாதது" என்று ஒன்று. உங்களைக் கூனிக் குறுகவைக்கிற ஒவ்வொன்றையும் ஒரே ஒரு வாக்கியமாக, வினைச்சொல்லில் முடியும்படி, உரிய பத்தியில் எழுதுங்கள். "நான் கேவலமானவன்" என்று எழுதக் கூடாது. "தங்கையின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை எடுத்தேன்" என்று எழுதுங்கள். எழுதி முடித்தபின் தாளைக் கிழித்தெறியத் தோன்றும். இப்போதைக்கு மடித்து வையுங்கள்.

பலருக்கு ஆச்சரியம் தருவது நடுப்பத்திதான். சிறுவயதில் யாரோ தொட்ட விதம், கணவன் கை நீட்டியது, நாலு பேர் முன்னால் ஆசிரியர் சொன்ன சொல் ஆகியவை அதில் வரும். அவற்றில் உங்கள் பாவம் எதுவும் கிடையாது. தாவீது ராஜாவின் மகள் தாமாரின் கதையைப் படியுங்கள் (2 சாமுவேல் 13). பலாத்காரம் செய்தவன் அம்னோன், "நான் என் வெட்கத்தோடே எங்கே போவேன்?" என்று கேட்டவளோ தாமார். செய்தவன் சுமக்க வேண்டியதை அவள் சுமந்தாள். வேதம் இந்தக் கொடுமையை மழுப்பாமல் எழுதி வைத்திருக்கிறது. அம்னோனுடைய செயலுக்குத்தான் அந்த அதிகாரம் மதிகேடு என்று பெயர் வைக்கிறது, அவளுக்கு அல்ல.

ஆகவே இந்தப் பத்தியில் இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டு ஜெபிக்காதீர்கள். பலர் பல வருடங்களாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். செய்யாத குற்றத்துக்குக் கேட்கிற மன்னிப்பு ஒருநாளும் உள்ளே இறங்காது. அதற்குப் பதிலாகப் புலம்புங்கள், முறையிடுங்கள், கோபப்படுங்கள். சங்கீதங்களில் இதற்கெல்லாம் தாராளமாக இடம் உண்டு. கொடுமை இன்னும் நடந்துகொண்டிருந்தால் முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போவது, சட்ட உதவியை நாடுவது. "மன்னித்துப் பொறுத்துப் போ" என்று சொல்லி உங்களை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர் எத்தனை வசனம் சொன்னாலும் அவருக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

மூன்றாம் பத்தியில் நோய், வறுமை, உடல் தோற்றம், பிள்ளையில்லாமை, தேர்வில் தோற்றது, பிறந்த குடும்பம் போன்றவை வரும். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், இது யார் செய்த பாவம், இவனுடையதா இவனைப் பெற்றவர்களுடையதா என்று கேட்டார்கள் (யோவான் 9). இருவருடையதும் அல்ல என்றார் இயேசு. அந்தப் பத்தியின் மேல் அந்தப் பதிலை எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இலைகளைக் கழற்றுவது

ஆதாமும் ஏவாளும் நிர்வாணிகளாயிருந்தும் வெட்கப்படாதிருந்தார்கள் என்று ஆதியாகமம் 2-ஆம் அதிகாரம் முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் அத்தியிலைகளைத் தைத்து உடுத்திக்கொண்டு மரங்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அங்கே தேவன் கேட்கிற முதல் கேள்வி "நீ எங்கே இருக்கிறாய்?" என்பது. "என்ன செய்தாய்?" என்ற விசாரணை அதற்குப் பிறகுதான். அந்த அதிகாரம் முடிவதற்குள், அவர்கள் தைத்துக்கொண்ட இலைகளுக்குப் பதில் தோல் உடைகளை உண்டாக்கி அவரே உடுத்திவிடுகிறார் (3:21). தண்டனையும் உண்டு, வெளியேற்றமும் உண்டு. ஆனால் உடுத்திவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறார்.

முதல் பத்தியில் எழுதியதை தேவனிடம் சொல்லும்போது இந்த அத்தியிலை விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். "ஆண்டவரே, நான் மகா பாவி, புழு, தூசி" என்று பொதுவாக அழுவதும் ஒருவகை இலைதான். கேட்கத் தாழ்மையாகத் தோன்றும், உள்ளேயிருப்பதை மறைத்துவிடும். என் நூறு மன்னிப்பு ஜெபங்களும் அந்த ரகம். "உம்முடைய பணத்தை எடுத்தேன்" என்ற சொற்களை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆகவே தனியாக ஓர் அறையில், காதில் விழும் குரலில், தாளில் உள்ளபடியே சொல்லுங்கள். செய்ததைச் சொல்லுங்கள், காரணம் சேர்க்காதீர்கள், பட்டமும் சூட்டிக்கொள்ளாதீர்கள். பிறகு 1 யோவான் 1:9-ஐச் சத்தமாக வாசியுங்கள். பாவங்களை மன்னிக்கவும் எல்லா அநியாயத்தையும் நீக்கிச் சுத்திகரிக்கவும் அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்கிறது அந்த வசனம். நீதியும் என்ற சொல்லை மட்டும் இரண்டாம் முறை வாசியுங்கள். அவர் ஏதோ போகட்டும் என்று விடுகிறவர் அல்லர். கிறிஸ்து ஏற்கெனவே சுமந்துவிட்டதை மறுபடி உங்கள்மேல் சுமத்துவது அவருடைய நீதிக்கு ஒவ்வாது.

அன்றைக்கு ஒன்றுமே உணராமல் போகலாம். பரவாயில்லை. உணர்வு வெகு பின்னால் நடந்து வரும்.

கரிநெருப்பின் அருகே

இனி வாசிப்பு. ஒரு வாரத்துக்கு யோவான் சுவிசேஷத்தின் 18, 21 ஆகிய இரண்டு அதிகாரங்கள் மட்டும் போதும். வாக்குத்தத்த வசனங்களை அடுக்கி வைத்து மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஆளின் கதைக்குள் பல நாள் தங்கியிருப்பது வெட்கத்துக்கு அதிகம் உதவும் என்பது என் அனுபவம்.

இயேசு கைதாகி, அவருடைய சீஷன் பேதுரு அவரை மறுதலித்த இரவில் குளிர் இருந்தது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் ஊழியக்காரர் கரிநெருப்பு உண்டாக்கிக் குளிர்காய்ந்தார்கள். பேதுருவும் அவர்களோடு நின்றான் (18:18). அந்த நெருப்பின் வெளிச்சத்தில்தான் மூன்று முறை "அவரைத் தெரியாது" என்ற கருத்தில் பேசினான். சேவல் கூவிற்று. அந்த நொடியில் "கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்" என்று லூக்கா சேர்க்கிறார் (22:61). பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான்.

யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் காத்திருக்கிறார். கரையேறிய சீஷர்களின் கண்ணில் முதலில் பட்டது கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. வேண்டுமென்றேதான் அதை மூட்டினாரா என்று யோவான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசனை பேதுருவின் மூக்கில் ஏறியபோது அவனுக்கு எந்த இரவு ஞாபகம் வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அங்கே முதலில் சாப்பாடு நடக்கிறது. அப்பமும் மீனும். கேள்வி அதற்குப் பிறகுதான், அதுவும் "ஏன் அப்படிச் செய்தாய்?" என்பதல்ல. "நீ என்னை நேசிக்கிறாயா?" மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. மூன்றாவது முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. வலிக்காத மருத்துவமாக இருக்கவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கொடுக்கப்படுகிறது: என் ஆடுகளை மேய்ப்பாயாக. மறுதலித்தவன் கையில் மந்தையைக் கொடுக்கிறார்.

இந்தக் காட்சியை வாசித்துவிட்டு, உங்கள் கரிநெருப்பு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வாசனை, எந்தத் தெரு, யாருடைய பெயர் உங்களைப் பழைய இரவுக்குக் கொண்டுபோகிறது? அங்கே அவர் உங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பதாக எண்ணி ஜெபியுங்கள். கற்பனைதானே என்று தோன்றலாம். வெட்கமும் பெரும்பாலும் கற்பனையில்தான் வேலை செய்கிறது.

ஒரே ஒருவரிடம் சொல்வது

இதுதான் கடினமான படி. தாண்டிப் போக வழியே இல்லையா என்று நானும் தேடினேன். யாக்கோபு 5:16 வழி விடவில்லை: சொஸ்தமடையும்படிக்கு உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறது. மன்னிப்பு தேவனிடமிருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் வெட்கம் மனித முகங்களைக் குறித்த பயம். தமிழில் நாம் சொல்வதையே பாருங்கள்: எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன், முகம் கொடுத்துப் பேச முடியவில்லை, அவர் முகத்தில் எப்படி விழிப்பேன். எல்லாம் தெரிந்த பிறகும் திரும்பிக்கொள்ளாத ஒரு முகத்தைக் கண்ணால் பார்க்கும்வரை அந்தப் பயம் முழுதாகப் போவதில்லை.

யாரிடம் சொல்வது என்பதில் அவசரப்படாதீர்கள். இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸும் அறிக்கை செய்தவன்தான். "பாவஞ்செய்தேன்" என்று சொன்னான், காசையும் திருப்பிக் கொடுத்தான். அவன் போன இடம்தான் தவறு. அங்கே இருந்த பிரதான ஆசாரியர்களும் மூப்பர்களும் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு" (மத்தேயு 27:4). அதற்கு அடுத்த வசனத்தில் அவன் உயிரோடு இல்லை. பேதுருவோ மற்றச் சீஷர்களோடு சேர்ந்தே இருந்தான். மீன் பிடிக்கப் போகிறேன் என்று அவன் சொன்னபோது நாங்களும் வருகிறோம் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள்.

தேர்ந்தெடுக்கும்போது மற்றவர்களின் கதையை உங்களிடம் சொல்லாதவரைத் தேடுங்கள். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஊர்க்கதை பேசுகிறவர் வேண்டாம். தம் வாழ்க்கையில் தோற்ற இடங்களைக் கூச்சமில்லாமல் சொல்கிறவரானால் நல்லது. ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் பேசுவது பொதுவாக உசிதம். போதகரோ மூப்பரோதான் என்றில்லை. முதிர்ச்சியுள்ள விசுவாசி ஒருவர் போதும். கத்தோலிக்கராக இருந்தால், குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுகிற ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அங்கே கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 983-ஆம் பிரிவில் உறுதியாகச் சொல்கிறது. சாட்சி சொல்கிறேன் என்று மேடையில் ஏறி எல்லாரிடமும் கொட்டிவிடுவது மட்டும் இப்போது வேண்டாம். ஆறாத புண்ணைக் காட்சிக்கு வைக்க எந்த வசனமும் சொல்லவில்லை.

பேச்சை எப்படித் தொடங்குவது? முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அறிவுரை வேண்டாம், கேட்டுவிட்டு எனக்காக ஜெபித்தால் போதும்." இந்த இரண்டு வாக்கியமும் பேசுகிறவரையும் கேட்கிறவரையும் காப்பாற்றும்.

நான் சபையின் மூத்தவர் ஒருவரிடம் போனேன். சொல்லத் தொடங்கி அரைமணி நேரம் வானிலையைப் பற்றிப் பேசினேன். பிறகு தாளை எடுத்து வாசித்தேன், தலை நிமிராமல். வாசித்து முடித்தபோது அவர் நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. எழுந்து போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நெருங்கி உட்கார்ந்து, "இதை எத்தனை வருடமாகத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறாய், தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

திருப்பிக் கொடுக்க வேண்டியது

முதல் பத்தியில் உள்ள செயலால் யாருக்காவது இழப்பு ஏற்பட்டிருந்தால் ஈடுசெய்யுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னான் (லூக்கா 19:8). கவனியுங்கள், இயேசு அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான் அவன் அதைச் சொன்னான். ஈடுசெய்வது மன்னிப்புக்கான விலை கிடையாது. உங்கள் மனப்பாரத்தை இறக்குவதற்காக மற்றவர் தலையில் புதுப் பாரத்தை ஏற்றுகிற மாதிரி இருந்தால், போவதற்கு முன் உங்கள் நம்பிக்கைக்குரியவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். என் விஷயத்தில், குழுவின் அப்போதைய பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. அது அவருடைய உரிமை.

இரவில் திரும்பி வரும்போது

வரும். பெரும்பாலும் களைத்துப் படுத்திருக்கும்போது. அப்போது வாதாடாதீர்கள், தூக்கம் கெடுவதுதான் மிச்சம். 1 யோவான் 3:20-ஐக் கைக்கெட்டும் இடத்தில் எழுதி வையுங்கள்: நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர், சகலத்தையும் அறிந்திருக்கிறார். மனம் சூட்டுகிற பெயர்ச்சொல்லை மறுபடி வினைச்சொல்லாக மாற்றிச் சொல்லிப் பாருங்கள். "நான் திருடன்" என்று எழுந்தால், "எடுத்தேன், சொன்னேன், மன்னிக்கப்பட்டேன்." மூன்றும் இறந்தகாலம்.

பெயர்ச்சொல் ஒன்று தேவைப்பட்டால் லூக்கா 8-ஆம் அதிகாரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கினால் தீட்டுள்ளவளாக ஒதுங்கி வாழ்ந்தவள், கூட்டத்துக்குள் பின்னால் வந்து வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாள். குணமானதும் ஒருவருக்கும் தெரியாமல் நழுவியிருப்பாள். இயேசு நின்று, "என்னைத் தொட்டது யார்?" என்றார். நடுங்கிக்கொண்டே எல்லாருக்கும் முன்பாக உண்மையைச் சொன்னவளை அவர் அழைத்த சொல் "மகளே" என்பது. உடல் குணமானபோதே அவளை அப்படியே போகவிட்டிருந்தால், ஊர் வைத்த பெயரோடுதான் வீடு திரும்பியிருப்பாள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வருகிறது என்றால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி, மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இது இன்னும் அவசியம். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்று அழைப்பதை அவருக்குக் காட்டுங்கள் (கொலோசெயர் 4:14).

கடைசி வரிசை

இறுதியாக ஒரு சின்னப் பயிற்சி. வெட்கத்தால் நீங்கள் தவிர்த்துவரும் ஓர் இடத்துக்குத் திரும்பப் போங்கள். திருவிருந்தில் கலந்துகொள்வது, பாடகர் குழு, பழைய நண்பர் ஒருவரின் வீடு, எதுவானாலும் ஒன்று போதும். நான் ஆராதனை முடியும்வரை நின்றேன். கைகளை உயர்த்திப் போதகர் எண்ணாகமத்திலிருந்து சொல்கிற ஆசீர்வாதத்தை அத்தனை வருடத்தில் நான் முழுதாகக் கேட்டதே இல்லை: கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி, உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர்.

ஆமென் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் திரும்பி, நான் பயந்த அதே கேள்வியைக் கேட்டார். எப்படி இருக்கிறீர்கள்? இதற்கு நீண்ட பதில் தயாரிக்க வேண்டியதில்லை. "முன்னைவிடப் பரவாயில்லை, எனக்காக ஜெபியுங்கள்" என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைக்கப் போய்விட்டார்.